புகைக் கட்டணமும் எங்கள் வீட்டுக் காரும்

அடுத்தவர்களுக்குப் புத்தி சொல்வதற்காகவே மாதச் சம்பளம் வாங்கிய காலம் ஒன்று என் வாழ்க்கையில் உண்டு. ஓசியில் சொல்பவர்களையே தாங்க முடிவதில்லை. சம்பளத்தோடு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? தரைக்கு ஓரடி மேலேதான் நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எமிரேட்டுகளில் ஒரு நகரம். (பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் டியூட்டி பார்க்கிறார்.) எனக்கு இருபத்தாறு வயது. போக்குவரத்துத் திட்டமிடலில் மேல்படிப்பு முடித்திருந்தேன். கல்யாணமாகி அங்கே போன எட்டாவது மாதம் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் கலாஸ், மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் லண்டனில் ஊருக்குள் கார் ஓட்டி வருவதற்குக் கட்டணம் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊர் நகராட்சி வரை வந்து சேர்ந்துவிட்டது. ஊரின் நடுவே பழைய சந்தை. சூக் என்பார்கள். துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் ஒரே நெரிசல். அதற்குள் கரும்புகை கக்கிக்கொண்டு நுழையும் வண்டிகளிடம் பத்து திர்ஹம் வாங்கலாமா, வாங்கினால் புகை குறையுமா என்று ஆராய்ந்து சொல்லும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. அந்த வேலைக்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

நேர்காணலில் என் மேலதிகாரி ஜார்ஜ் (லெபனான்காரர், எதற்கும் சிரிக்காதவர்) கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"அலுவலகத்துக்கு எப்படி வருவீர்கள்?"

"பஸ்ஸில்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கள் வீட்டில் கார் கிடையாது சார். காற்றைக் கெடுக்கும் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. அது எங்கள் கொள்கை."

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் கீழே தெருவோரத்தில் என் கணவர் முருகேசன் எஞ்சினை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். (அணைத்தால் மறுபடி கிளம்பாது.)

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முருகேசன் ஏசி மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். பாளையங்கோட்டைக்காரர். ஓடாத எதையும் ஓட வைத்துவிடலாம் என்று உறுதியாக நம்புகிறவர். ஊரோடு திரும்பிப் போகவிருந்த ஒரு மலையாளியிடமிருந்து அதை பர் துபாயில் வாங்கி வந்தார். பத்திரத்தில் தங்க நிறம் என்று போட்டிருந்தது. பார்த்தால் வேகவைத்த உருளைக்கிழங்கு நிறம். புகை மட்டும் ஒரே நிறமாக இருக்காது. காலையில் வெள்ளை, வெயில் ஏறினால் நீலம், மேம்பாலம் ஏறினால் கறுப்பு. அல் ஐனுக்கு ஒருமுறை போனபோது பின்னால் வந்த பஸ் டிரைவர் பகலிலேயே விளக்கைப் போட்டுவிட்டார்.

"ஏங்க, வருஷா வருஷம் சோதனையில எப்படிப் பாஸாகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அன்னைக்கு மட்டும் கெட்டியா ஒரு ஆயில் ஊத்துவேன். ஒரு மணி நேரம் அடக்கிக்கிட்டு நிக்கும், பாவம்," என்றார், ஏதோ மூச்சடக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதைப் போல.

வேலையில் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், தினமும் காலையில் அலுவலகத்துக்கு இரண்டு கட்டடம் முன்னாலேயே காரை விட்டு இறங்கிக்கொண்டது. ஒரு பேக்கரிக்குப் பின்னால் சந்து ஒன்று இருந்தது. அங்கே இறங்கி, கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு நடந்து போவேன். (ஒரே டிக்கெட்தான். மூன்று மாதம் வந்தது.) அலுவலகத்தில் புகையைப் பற்றி அறிக்கை எழுதுவேன். மாலையில் அதே புகைக்குள் உட்கார்ந்து வீட்டுக்குப் போவேன்.

வீட்டிலும் சும்மா இருந்தேனா? "உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்தக் கட்டணமே," என்று சாப்பாட்டு நேரத்தில் புள்ளிவிவரத்தோடு வகுப்பு எடுப்பேன். முருகேசன் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கு எட்டு மணிக்குத்தானே இறக்கி விடணும்?" என்று கேட்பார். அத்தோடு வகுப்பு முடியும்.

சூக்கில் கடை வைத்திருந்தவர்களுக்கு எங்கள் திட்டம் பிடிக்கவே இல்லை. அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் காதர் அண்ணன். கீழக்கரைக்காரர், முப்பது வருடத் துணிக்கடை. அரபி அவருக்குத் தமிழைப் போலவே பேசவும் படிக்கவும் வரும். என்னைக் கண்டால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்.

"தங்கச்சி, எங்க கஸ்டமரெல்லாம் பழைய வண்டி வச்சிருக்குற ஆளுகதான். புது வண்டி வச்சிருக்குறவன் எதுக்கு எங்கிட்ட வாரான், மாலுக்குல்ல போறான்? காசு கேட்டா ஒருத்தனும் உள்ள வரமாட்டான். பாத்துச் செய்யுங்க."

"அண்ணே, உங்க நுரையீரலுக்காகத்தான் செய்யறோம்," என்பேன், டீயை உறிஞ்சிக்கொண்டு.

"நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. வியாபாரந்தான் மூச்சு வாங்குது."

நகராட்சி மேலதிகாரியை எல்லோரும் முதீர் என்பார்கள். அவர் அறிக்கையைப் படித்துவிட்டு, "காகிதம் போதும். கண்ணால் பார்க்க வேண்டும்," என்றார். ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு சூக்கின் நுழைவாயிலில் மாதிரி ஓட்டம் வைப்பது என்று முடிவாயிற்று. சாலையின் ஒரு பக்கம் புகையை அளக்கும் பெட்டி, எதிர்ப்பக்கம் ஒரு கண்ணாடி, நடுவில் தடுப்புக் கம்பு. வண்டி கடக்கும்போது புகை அளவு மிஞ்சினால் சிவப்பு விளக்கு எரியும், ஹாரன் அலறும், கம்பு இறங்கும். அன்றைக்குக் காசு கிடையாது. ரசீது மட்டும் மாதிரிக்குக் கொடுப்போம்.

வாயிலைத் தவிர்த்துவிட்டு யாரும் பின்பக்கச் சந்துகள் வழியாக நழுவிவிடக் கூடாது என்று அந்தப் பகுதியின் வரைபடத்தில் எந்தெந்தச் சந்துகளை அடைக்க வேண்டும் என்று சிவப்புப் பேனாவால் குறித்துக் கொடுத்தது நான்தான். பதினோரு சந்து. ஒரு சைக்கிள்கூடத் தப்ப முடியாது. ஜார்ஜ் அதைப் பார்த்து முதல்முறையாகப் புருவத்தைத் தூக்கி, "சுத்தமான வேலை," என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, பூரிப்பில்.

புதன்கிழமை வந்தது. ரசீதுப் புத்தகங்களும் விருந்தினர்களுக்கான கையேடுகளும் அடங்கிய பெட்டி என் பொறுப்பு. ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு ஆறே முக்காலுக்கே டாக்ஸிக்காகத் தெருவில் நின்றேன். அந்தக் காலத்தில் காலை நேரத்தில் அங்கே டாக்ஸி பிடித்தவர்களுக்குத் தெரியும், அது லாட்டரி. வந்ததெல்லாம் ஆளோடு வந்தது. காலியாக வந்த ஒன்றையும் எனக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு குடும்பம் அமுக்கிக்கொண்டது. ஏழே கால் ஆயிற்று. ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் மேலங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

முருகேசன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இன்னும் அங்கனயா நிக்க? வா, நான் கொண்டு விடுதேன்."

"வேண்டாம். இன்னைக்கு அந்தக் கார் அந்தப் பக்கமே வரக்கூடாது."

"பின்னால காதர் அண்ணன் கடைச் சந்துல இறக்கி விட்டுட்டுத் திரும்பிருதேன். ஒரு பயலுக்கும் தெரியாது."

ஏழரை. வேறு வழியில்லை. ஏறினேன்.

காதர் அண்ணன் கடைச் சந்தில் இரும்புத் தடுப்பு. அடுத்த சந்தில் தடுப்பு. அதற்கடுத்ததில் தடுப்போடு ஒரு போலீஸ்காரர். "யல்லா, யல்லா," என்று கையை வீசி முன்னால் போகச் சொன்னார்.

"எந்தக் கூறு கெட்டவன் இப்படி எல்லாத்தையும் அடச்சு வச்சிருக்கான்?" என்றார் முருகேசன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினோரு சந்தும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகக் கடந்தோம்.

"திருப்புங்க. பின்னால போங்க."

"எப்படிப் போக? பின்னால மீன் வண்டி நிக்கி."

முன்னால் பார்த்தேன். தெரு ஒரே திசையில், என் வரைபடத்தில் உள்ளபடியே அச்சு அசலாக, நுழைவாயிலில் போய் முடிந்தது. வலதுபக்கம் பந்தல். பந்தலில் வெள்ளை அங்கி அணிந்த அதிகாரிகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேரீச்சம்பழமும் காவா என்ற அரபிக் காபியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முதீர். பக்கத்தில் ஜார்ஜ், கடிகாரத்தைப் பார்த்தபடி. அவர் தேடிக்கொண்டிருந்தது என்னைத்தான்.

எங்களுக்கு முன்னால் போன மூன்று வண்டிகளுக்கும் பச்சை விளக்கு. அதிகாரிகள் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தார்கள்.

"அடக்கிக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றேன் பைத்தியக்காரி மாதிரி.

"எதை?"

"காரைத்தான்! சோதனைக்குப் போனா அடக்கும்னீங்களே!"

"ஆயில் ஊத்தலியே," என்று சொல்லிக்கொண்டே முதல் கியரில் போட்டு மிதித்தார்.

நான் இருக்கைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். ஹாரன் அலறியது. அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் சோதித்துப் பார்த்தபோதுகூடக் கேட்டதில்லை. கம்பு இறங்கியது. புகை ஆற அமரப் பந்தலுக்குள் நுழைந்து, முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்குப் போயிற்று. நாற்பது பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"இப்ப என்ன செய்யணும்? ரசீது யாரு தருவா?" என்றார் முருகேசன்.

ரசீது என் தலைமேல் இருந்தது.

போலீஸ்காரர் வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். நான் ஆரஞ்சு மேலங்கியோடு, நிறுவனத்தின் பெயர் எழுதிய பெட்டியோடு, காருக்குள்ளிருந்து புகைக்கு நடுவே உருண்டு வெளியே வந்து எழுந்து நின்றேன். ஜார்ஜின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. ஆறு மாதத்தில் மூன்றரைதான் முடிந்திருந்தது.

அப்போது முதீர் எழுந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைதட்டினார்.

"மாஷா அல்லா! இதுதான் டெமோ! அறிக்கையில் எழுதியதை அப்படியே கண்முன் கொண்டுவந்துவிட்டீர்கள். எங்கே பிடித்தீர்கள் இந்த வண்டியை?"

மற்ற அதிகாரிகளும் கைதட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "தேடிப் பிடித்தோம்," என்று ஜார்ஜின் குரல் பின்னாலிருந்து வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஓர் அரபிப் பத்திரிகையிலிருந்து புகைப்படக்காரர் வந்திருந்தார். அவர் இருமியதில் படம் எடுக்கத் தவறிவிட்டார். "மறுபடி ஒருமுறை," என்றார் முதீர்.

போலீஸ்காரர் மீன் வண்டியைக் கொஞ்சம் பின்வாங்கச் சொன்னார். முருகேசன் பின்னால் எடுத்து, மறுபடி வந்தார். ஹாரன், சிவப்பு விளக்கு, கம்பு, இருமல், கைதட்டல். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் படம் சரியாக வரவில்லை. மூன்றாவது முறை. இப்போது முருகேசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தலையைச் சீவிக்கொண்டார். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டார்.

"பாய், தோடா ஜாஸ்தி தூவா!" என்று கொஞ்சம் கூடுதலாகப் புகை கேட்டார் புகைப்படக்காரர்.

"அச்சா பாய்!" என்று இவர் ஆக்ஸிலேட்டரை அடி வரை மிதித்தார்.

'டம்' என்று ஒரு சத்தம். கார் சரியாக வாயிலின் நடுவில், அளக்கும் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓய்ந்தாலும் புகை ஓயவில்லை. பெட்டி அளந்துகொண்டே இருந்தது. ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. கம்பு ஏற மறுத்தது.

பின்னால் மீன் வண்டி. அதற்குப் பின்னால் குப்பூஸ் ரொட்டி வண்டி. அதற்கும் பின்னால் ஊரே நின்றது. வேறு வழியாகத் திரும்பிப் போகலாம் என்றால், பதினோரு சந்திலும் தடுப்பு. கால் மணி நேரம், அரை மணி நேரம். வெயில் ஏறியது. மீன் வண்டி தன் இருப்பை மணத்தால் அறிவிக்க ஆரம்பித்தது. முதீரின் கார் சூக்குக்கு உள்ளே நின்றிருந்தது. வெளியே வர இருந்த ஒரே வழியில் எங்கள் கார் படுத்திருந்தது. பத்தரை மணிக்கு அவருக்கு அமைச்சரோடு கூட்டம். கடைசியில் அவர் அங்கியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன் வண்டியைச் சுற்றி, பெரிய சாலை வரை நடந்தே போனார். அவருக்குப் பின்னால் நாற்பது பேரும் வரிசையாகப் போனார்கள்.

காதர் அண்ணன்தான் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். பத்துப் பதினைந்து கடைக்காரர்கள் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். கம்பைப் போலீஸ்காரர் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தள்ளி முடித்ததும் காதர் அண்ணன் என் பக்கம் வந்தார். முகமெல்லாம் கரி, அதற்கு நடுவில் பல் தெரிந்தது.

"தங்கச்சி, இந்தத் திட்டம் வேணாம்னு நாங்க பத்து மனு குடுத்தோம். ஒண்ணும் நடக்கல. நீங்க ஒத்த வண்டில முடிச்சிட்டீங்களே!"

நான் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வேலை போகும். போகட்டும். மூன்றரை மாதம் எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்தேன்! அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. முருகேசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கை முழுக்க எண்ணெய்.

"என்னாலதான். நான் மிதிச்சிருக்கக் கூடாது," என்றார்.

"நான் ஏறியிருக்கக் கூடாது."

"ஏறலேன்னா நீ இந்நேரம் டாக்ஸிக்குல்லா நின்னுக்கிட்டு இருப்ப."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

மறுநாள் ஜார்ஜ் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்பே கொட்டிவிட்டேன். "சார், அது டெமோ இல்லை. எங்கள் சொந்தக் கார். அவர் என் கணவர். நேர்காணலில் நான் சொன்னது பொய்."

அவர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். நான்காவது மாடி. கீழே பேக்கரி தெரிந்தது. பேக்கரிக்குப் பின்னால் சந்தும் தெரிந்தது.

"மூன்றரை மாதமாகத் தினமும் எட்டு மணிக்கு அந்தச் சந்திலிருந்து புகை எழும்பும்," என்றார். "ஐந்து நிமிடம் கழித்து நீங்கள் லிஃப்டிலிருந்து இறங்குவீர்கள், கையில் டிக்கெட்டோடு. முதல் வாரம் பேக்கரியில்தான் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து தீயணைப்புக்கு ஃபோன்கூடச் செய்துவிட்டேன்."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வேலை போகவில்லை. டெமோவைப் பாராட்டி முதீரே கடிதம் அனுப்பியிருந்தாராம். ஆனால் அதே கடிதத்தில், ஒரு வண்டி நின்றதற்கே ஊர் நின்றுவிட்டதால் கட்டணத் திட்டத்தை மேலும் ஆராய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். (இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.) என்னை நடைபாதைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எதுவும் புகை விடாது. நான் யாருக்கும் வகுப்பும் எடுக்கவில்லை. காரைப் பழைய இரும்புக்குப் போட்டோம். முருகேசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

படம் மட்டும் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் அருமையாக வந்தது. ஜன்னலில் முழங்கை வைத்து முருகேசன் சிரிக்கிறார். பின்னால் மேகக்கூட்டம் மாதிரி புகை. ஒரு பக்கம் வெள்ளை அங்கிக்காரர்கள் நின்று கைதட்டுகிறார்கள். கீழே இரண்டு வரி அரபி. எங்கள் இருவருக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. முருகேசன் அதை வெட்டி, ஊரில் இருக்கும் அவர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டார். அத்தை அதற்குச் சட்டம் போட்டுப் பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "துபாய் ராசாவுக்கு முன்னால என் மவன் வண்டி ஓட்டிக் காமிச்சான். எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க," என்பார். (அந்த ஊர் துபாயும் இல்லை, அவர்கள் ராஜாவும் இல்லை. கைதட்டியது மட்டும் உண்மை.)

இரண்டு வருடம் கழித்து லீவில் போயிருந்தபோது, காதர் அண்ணனும் ஊருக்கு வந்திருந்தார். திருநெல்வேலிக்கு ஏதோ வேலையாக வந்தவர் எங்களைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அத்தை அவரைக் காபி குடிக்கக்கூட விடவில்லை.

"நீங்க அந்தப் பாஷை வாசிப்பீங்களாமே? அதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. இத்தன நாளா வாசிச்சுச் சொல்ல ஒரு ஆள் அம்புடல."

காதர் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். வலமிருந்து இடமாக ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. 'நகரத்துக்குள் அனுமதிக்கவே கூடாத வாகனம், அதன் ஓட்டுநருடன்' என்பதுதான் அந்த இரண்டு வரி என்று பிற்பாடு வாசலில் வைத்து எங்களிடம் சொன்னார். அத்தையிடம் திரும்பியபோது அவர் முகம் துணிக்கடை முதலாளியின் முகமாக மாறியிருந்தது.

"அம்மா, ஒங்க மகன் வண்டி வந்தா ஊரே ஒதுங்கி நின்னு வழி விடணுமாம். அப்படிப் போட்டிருக்கு."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?" என்றார்.

பிள்ளைகள் பிறந்த பிறகு நான் ஊரோடு வந்துவிட்டேன். இன்றும் லீவுக்கு வந்து முருகேசன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நானும் பிள்ளைகளும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வழி விடுகிறோம். அவரும் முழங்கையை மடித்து வைத்துக்கொண்டு நடுவில் நடந்து போவார். எங்களுக்குப் பக்கத்தில் அத்தையும் ஒதுங்கி நிற்பார். அவர் மட்டும் மூக்கைப் பொத்துவதில்லை.